பிரஸ் மிஷினுக்குப் பொட்டு

குணா கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எளாவூரில் நாலைந்து பேராகக் கூடிப் புத்தகம் படிப்பார்கள். பொருள்கள் நமக்காக மட்டும் இல்லை, அவற்றுக்கென்று ஓர் இருப்பு உண்டு, மனிதன் அதை முழுதாக அறியவே முடியாது என்கிற புதிய தத்துவம் அவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு சிற்றிதழில் அதை எழுதினான். தன் மிஷினையே உதாரணம் காட்டினான்: எத்தனை வருஷம் பழகினாலும் பிடிபடாத ஒன்று.

இதழ் வந்த மாதமே அந்த மிஷின் கலியனின் வலது கையில் மூன்று விரல்களை எடுத்தது. கலியன் குணாவின் அக்கா புருஷன். அடுத்த ஷிஃப்டில் அதே மிஷினை ஓட்டியவன். வேலை வேகமாக நடக்க, கை உள்ளே போகாமல் காக்கும் தடுப்புக் கம்பியைச் சூப்பர்வைசர் கழற்றச் சொன்னதை, ஷிஃப்ட் மாற்றும்போது குணா தன் காதால் கேட்டிருந்தான்.

விசாரணையில் மேனேஜர் கலியனிடம் அந்தச் சிற்றிதழைத் தூக்கிக் காட்டினார். "உங்க ஆளே எழுதியிருக்காரே, மிஷின் யாருக்கும் பிடிபடாதுன்னு!"

எளாவூரில் கூடப் படிக்கிற கோபால் குணாவின் முகத்துக்கு நேராகக் கேட்டான். "பொருளுக்கு உசுரு குட்த்துட்டு மனுசனைக் கைவுட்டுட்டியே நைனா. இதான் உன் தத்துவமா?"

குணா அதே இதழுக்குப் பதில் எழுதினான். பொருளுக்கு இருப்பு உண்டு என்றோம், பழியும் அதற்கே என்று சொல்லவில்லை, பழி மனிதனுடையது. அதை முதலில் கலியனுக்குத்தான் படித்துக் காட்டினான். அக்கா ஈஸ்வரி கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒட்டியிருந்த துணியை இழுக்காமல், மருந்து நீர் விட்டு ஊறவைத்து எடுத்தாள்.

"நல்லாத்தான் எழுதிகிறே மச்சான்," என்றான் கலியன். "கம்பியக் கயட்டச் சொன்னது யாருன்னுதான் காணோம்."

"தத்துவத்துல பேரு வராது மாமா."

"அப்ப ஆபீஸ்ல போய்ச் சொல்லு."

"வேலை பூடும்."

ஈஸ்வரி நிமிரவில்லை. "வேலை பூட்டா ரெண்டு ஊட்டுக்கும் சோறு யார்றா போடறது?"

குணா எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

ஆயுத பூஜை வந்தது. மிஷினை ஓட்டுகிறவனே அதற்குப் பொட்டு வைப்பது வழக்கம். கலியனும் வந்து நின்றான். குணா சந்தனக் கிண்ணத்தைப் பிடித்தபடியே நின்றான்.

"சீக்கிரம்பா, பூசணிக்காய் உடைக்கணும்," என்றார் சூப்பர்வைசர்.

"வையி மச்சான்," என்றான் கலியன். "அது மேல தப்பு இல்லன்னு நீதானே எழுதினே."

குணா சந்தனத்தைத் தடவிக் குங்குமம் வைத்தான். தடுப்புக் கம்பியை மறுபடி மாட்டிப் புதுசாக மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கழற்றிய சுவடே இல்லை.

அதற்கும் ஒரு பொட்டு வைத்தான்.