கரித்தூசு இருமல்

கன்வேயர் பெல்ட் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த ரோலர் பழுது என்று சொல்லிவிடுவேன். நிலக்கரி மைன்ஸில் பதினெட்டு வருஷமாக அதுதான் என் வேலை. பெரும்பாலும் தப்பாது. அந்தத் திமிரை வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

பன்னிரண்டு வயது மகள் இரும ஆரம்பித்ததும், "கரித்தூசு" என்று சொல்லிவிட்டேன். கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் படிகிற தூசு நெஞ்சில் படியாதா? போன வருஷமும் இருமினாள், தானாக நின்றது. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் இருமாத வீடு எது? அவளுக்கு முன்னாலிருந்தே நானும் இருமிக்கொண்டுதான் ஷிஃப்டுக்குப் போய்வந்தேன்.

"இந்தத் தடவை வேற மாதிரி இருக்குங்க. சாயங்காலமானா உடம்பு சுடுது, எடையும் கொறையுது. டெஸ்ட் எடுத்துடலாம்" என்றாள் மனைவி.

"வெயில்ல ஆடுறா, ஒழுங்கா சாப்பிடறதில்ல. வேற என்ன?" என்று எரிந்து விழுந்தேன்.

லீவுக்குத் திருநெல்வேலி போனோம். கரியே இல்லாத ஊர். பத்து நாளும் இருமினாள். ரோலரை மாற்றியும் சத்தம் நிற்கவில்லையென்றால் வேறு காரணம் தேடுகிறவன் நான். மகள் விஷயத்தில் மட்டும், "சேர்ந்த தூசு பத்து நாள்ல போயிடுமா?" என்று கேட்டேன். திரும்பி வந்த மறுநாளே, மனைவி என்னைக் கேட்காமல் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுத்துவிட்டாள்.

ரிசல்ட் வாங்க மூவரும் போனோம். அலர்ஜியாக இருக்கலாம். ஆஸ்துமாவாகக்கூட இருக்கட்டும், பரவாயில்லை. பெரிதாக எதுவும் வேண்டாம் என்று பெஞ்சில் உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் உடம்பு சுட்டது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "டிபி. ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா குணமாயிடும்."

மனைவி அழுதுவிட்டாள். எனக்கோ ஆத்திரம். ஸ்கூலில் ஒட்டியதா, பஸ்ஸில் ஒட்டியதா, யாரிடமிருந்து என்று டாக்டரையே விரட்டினேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் கூட இருக்கிற பெரியவங்ககிட்டருந்துதான் வரும். வீட்ல வேற யாராவது இருமிட்டு இருக்காங்களா?"

மனைவி அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் வந்துவிட்டது. மகள் வழக்கம்போலத் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.