சுளுக்கு என்று நான் சொன்ன முட்டி

என் தங்கை கணவன் குமரேசனின் முட்டிச்சில்லு உடைந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் சுளுக்கு என்றேன். இதைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள்தான்... கொஞ்சம் உட்கார்ந்தே கேளுங்கள்!

உடையக் காரணமும் அடியேன்தான். பிள்ளையார்பாளையத்தில் அவன் வீடு. குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்தவனிடம், "மாப்ள, குழியில பாம்பு!" என்றேன். பாம்பாவது பல்லியாவது... விளையாட்டு! நாற்பத்தெட்டு வயதில் எனக்கு விளையாட்டு! பதறித் துள்ளியவன், குழியின் சிமெண்டு விளிம்பில் முட்டி மோத விழுந்தான்.

சற்று நேரத்தில் முட்டி வீங்கி உருண்டுவிட்டது. நான் வேலை பார்க்கும் கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். காலை நீட்டி, மடக்காமல், குதிகாலைத் தூக்கச் சொல்ல வேண்டும். தூக்க முடியாவிட்டால் உடனே எக்ஸ்ரே. சொன்னேன். குதிகால் அசையவில்லை. முட்டிச்சில்லைத் தடவினேன், அதன் நடுவே ஒரு பள்ளத்தில் என் விரல் இறங்கியது.

ஐயோ! ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி விழுந்தான் என்று கேட்பார்களே, பாம்பு என் பொய் என்று வெளியே போயிருந்த தங்கைக்குத் தெரிந்தால்? அவனைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது. முதலுதவி எனக்கே தேவைப்பட்டது.

"இன்னா மச்சான், ஒடஞ்சிப்போச்சா?"

"அட போபா! ஒடஞ்சவன் மிதிகட்டைய அமுக்குவானா? அமுக்கிப் பாரு."

தூக்கித் தறியில் உட்காரவைத்தேன். பல்லைக் கடித்து அமுக்கினான். தொடையின் கனமே அதை அமுக்கிவிடும், முட்டிக்கு அதில் பெரிய வேலையே இல்லை... எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தத் தெருவில் அதைவிடப் பெரிய சான்றிதழ் ஏது! "அதான் மிதிக்கிறானேப்பா" என்று சத்தம் கேட்டுக் கூடியிருந்த தெருக்காரர்கள் கலைந்துபோனார்கள்.

பத்து நாள் எண்ணெய் தேய்த்தேன். நானே! பிறகு தங்கை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். சில்லு இரண்டு துண்டு, விலகி நின்றது. "அன்னிக்கே வந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் தேவலை.

கம்பி வைத்துக் கட்டியும் முட்டி பாதிதான் மடங்குகிறது. குழியில் இறங்க முடியாது. இருபது வருடம் நெய்தவன் இப்போது ஒரு கடையில் நின்றபடி புடவை மடிக்கிறான். நான் எத்தனையோ முறை வாயைத் திறந்தேன்... ஒவ்வொரு முறையும் ஜோக்தான் வெளியே வந்தது. அவனும் சிரித்தான்!

வரும் திங்கட்கிழமை கம்பியை எடுக்கிறார்கள்.

"நீ வூட்லயே இருமா, ஒன் அண்ணன் கூட இருந்தா எனக்கு பயமே இல்ல" என்று தங்கையிடம் சொல்லிவிட்டான்.

அவள் என்னைப் பார்த்தாள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல!