விவசாயக் குடும்பம், சுத்த சைவம்

எட்டு வயதில் எனக்குப் பேய், பாம்பு, இருட்டு எதுவும் பயமில்லை. வீட்டுக்கார அம்மா மாடிப்படி ஏறிவரும் செருப்புச் சத்தம்தான் பயம். ரப்பர் செருப்பு டப் டப்பென்று பாதிப் படிவரை வரும். அங்கே நின்று அவர் மூச்சு வாங்குவார். அதற்குள் அம்மா ஊதுபத்தி கொளுத்துவாள், அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார், நான் உதட்டை இறுக மூடிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அப்பாவுக்குப் பொத்தேரிப் பக்கம் ஒரு அலுவலகத்தில் வேலை. எனக்குச் செங்கல்பட்டில் பள்ளிக்கூடம். படாளத்துக்கு உள்ளே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் வந்துபோக முடியாமல் டவுனில் வீடு தேடினோம். போனில் கேட்டால் காலியாக இருக்கும். நேரில் போய்ப் பேசினால் வேறு யாரோ முந்திக்கொண்டிருப்பார்கள். நமக்கு ராசியில்லை என்றுதான் நான் நினைத்தேன். கடைசியில் வேன் ஓட்டும் என் தாய்மாமன் களத்தில் இறங்கினார்.

அந்த மாடி வீட்டை மாமா பேசி முடித்த அழகே தனி. "எந்தப் பக்கம் நீங்க?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா. "படாளம் பக்கம்மா. விவசாயக் குடும்பம். சுத்த சைவம்" என்றார் மாமா. சைவம் என்பது பச்சைப் பொய். விவசாயக் குடும்பம் என்பது உண்மை. தாத்தா கடைசிவரை சேற்றில்தான் கால் வைத்தார். சேறு யாருடைய நிலத்தில் இருந்தது என்று அந்த அம்மா கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் சட்டம் படிக்கிறேன். ஒப்பந்தச் சட்ட வகுப்பில் தவறான எடுத்துரைப்பு என்ற பாடம் வந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொதுவாகத் தவறில்லையாம். ஆனால் சொன்ன பாதி, சொல்லாத பாதியை மறைப்பதற்கென்றே சொல்லப்பட்டிருந்தால் கதை வேறாம். பக்கத்தில் இருந்த தோழியைப் பிடித்து உலுக்கி, "ஏய், இது எங்க மாமாடி!" என்றேன். பேராசிரியர் முறைத்தார்.

குடிபோகும் முன் மாமா எனக்குப் பயிற்சி கொடுத்தார். அவரே வீட்டுக்கார அம்மாவாகத் துண்டை முந்தானைபோலப் போட்டுக்கொள்வார்.

"பாப்பா, ஞாயித்துக்கெழம இன்னா சாப்ட்ட?"

"சாம்பார்."

"தொட்டுக்க?"

"அப்பளம்."

"வஞ்சிரம் புடிக்குமா கண்ணு?"

"அப்டின்னா இன்னா ஆண்ட்டி?"

"சூப்பரு! இவ வாயத் தொறந்தா வூடு போச்சுன்னு பயந்துகினு இருந்தேன். தேறிட்டா!" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயைத் திறந்தால் வீடு போய்விடும் என்ற அந்த ஒன்றுதான் மண்டைக்குள் ஏறியது. பள்ளிக்கூடம் போய்விடும், எல்லாம் என்னால்தான் என்று போர்வைக்குள் நடுங்கியிருக்கிறேன். மாமா மீன், கறி, முட்டை எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு கேள்விக்கு மட்டும் யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. அதைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

எப்போதாவது முட்டை வேகும். அதன் ஓட்டை அம்மா பொடியாக நொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்து, பஸ் ஸ்டாண்டு குப்பைத்தொட்டி வரை கொண்டுபோய்ப் போடுவாள். மீன் ஆசை மீறினால் ஞாயிற்றுக்கிழமை மாமாவின் வேனில் மாமல்லபுரம் போவோம். கடற்கரையில் வறுத்த மீனைத் தின்றுவிட்டுக் காற்றில் நிற்போம், துணியில் ஏறிய வாசனை போகட்டுமென்று. அம்மா காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த காப்பித்தூளால் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்ப்பாள். எரியும். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தேய்ப்பாள்.

அப்படி ஒரு ஞாயிறு திரும்பியபோது வீட்டுக்கார அம்மா கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். அன்று காப்பித்தூள் போதவில்லை. என் வலது கையில் இன்னும் வஞ்சிரம் இருந்தது, எனக்கே தெரிந்தது. கையைப் பாவாடைக்குள் ஒளித்தேன். அவர் சிரித்தபடி குனிந்து அந்தக் கையையே எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"கடலுக்குப் போனியா கண்ணு? கையெல்லாம் சில்லுனு கீதே!"

அம்மா எனக்குப் பின்னால் அசையாமல் நின்றாள். சாம்பார், அப்பளம், சாம்பார், அப்பளம் என்று மனசுக்குள் ஓடியது.

"உங்க ஊர்ல திருவிழாவாமே. உங்க வூடு கோயில் கிட்டவா?"

எனக்கு உயிர் வந்தது. மீன் கேள்வி இல்லை! இதற்குப் பதில் தெரியும், இதில் பொய்யே வேண்டாம். மகிழ்ச்சியில் கொட்டிவிட்டேன்: "இல்ல ஆண்ட்டி, கோயில் ஊருக்குள்ள கீது. எங்க வூடு ஏரி தாண்டிக் காலனில. எங்க காலனில எங்க அப்பாதான் மொதோ டிகிரி!"

அவர் என் கையை விட்டார். விட்ட கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். அவர் முகரவில்லை, தப்பித்தோம் என்று குதித்துக்கொண்டு படியேறினேன். மேலே போய், "நான் மீனைப் பத்தி மூச்சே விடல" என்று அப்பாவிடம் பெருமையடித்தேன். அப்பா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். இந்த முறை வாசலுக்கு வெளியிலேயே நின்றார். துபாயிலிருந்து மகன் வருகிறான், கல்யாணம் வைத்திருக்கிறோம், மாடி வேண்டும் என்று மிகவும் இனிமையாகச் சொன்னார்.

செய்தி கேட்டு வந்த மாமா கொதித்தார். "நான் ஊரப் பத்திப் பொய் சொல்லலியே மச்சான்!"

"உண்மையும் சொல்லலியேடா" என்றார் அப்பா.

எங்களுக்கு ஊர்க்காரர் ஒருவரின் ஷீட் போட்ட வீடு கிடைத்தது. அங்கே படியில்லை, செருப்புச் சத்தமில்லை. பள்ளிக்கூட வேன் மட்டும் தினமும் அந்தப் பழைய வீட்டைத் தாண்டித்தான் போகும். மாடி ஜன்னல் சாத்தியே கிடந்தது. கம்பியில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. பந்தல் இல்லை, வாழைமரம் இல்லை.

"அந்த அண்ணன் துபாயிலேர்ந்து இன்னும் வரலியாம்மா?" என்று கேட்டேன்.

"வருவான், வருவான்" என்று அம்மா தலையை வாரினாள், கொஞ்சம் அழுத்தி.

எனக்கு மனசு கேட்கவில்லை. வழியில் விமானத்துக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்தேன். முகம் தெரியாத அந்த அண்ணன் பத்திரமாக வந்துசேர்ந்து, நல்லபடியாகக் கல்யாணம் நடந்து, அந்த மாடியில் குடியேற வேண்டும் என்று படுக்கப்போகும் முன் தினமும் கைகூப்பி வேண்டிக்கொண்டேன்.