சரியாகத் தேடாத பெயர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. அவரைப் பற்றிப் பெருமையாக எழுத நிறைய இருக்கிறது. ஆனால் மகளாகிய நான் அவருக்குச் செய்த ஒரு பிழையைச் சொல்லாமல் மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை.

அப்பா பிறந்தது மண்ணூரில். அவர் வயிற்றில் இருந்தபோதே தாத்தா முனுசாமி வெள்ளைக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து, பர்மாப் பக்கம் சாலை போடும் பிரிவுக்குப் போனார். யுத்தம் முடிந்தும் ஆள் திரும்பவில்லை. தகவலும் வந்து சேரவில்லை. அப்பாவைப் பெற்ற ஆயா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. ஊரில் வேறு கதை பேசினார்கள். பர்மாவில் ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டாராம். பள்ளியில் அப்பாவுக்குப் பெயரே 'பர்மாக்காரன் புள்ள'. பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளையோட அப்பா இன்னா ஆனாரு?" என்று கேட்டபோது அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை அம்மா இன்றும் சொல்வார்.

லாரி கிளீனராகத் தொடங்கி டிரைவரானார். ஒரகடத்தில் கம்பெனிகள் வந்த பிறகு, சுங்குவார்சத்திரத்திலிருந்து ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டினார். ஓடிவருகிற பெண்களுக்காக அரை நிமிடம் வண்டியை நிறுத்திவைத்து, கம்பெனியில் திட்டு வாங்குவார். மறுநாளும் நிறுத்துவார். என்னையும் தம்பியையும் படிக்கவைத்தது அந்த பஸ்தான். ஆயா போன பிறகு, தை அமாவாசைதோறும் தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவந்தார்.

நான் வேலை செய்யும் கம்பெனி என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு இங்கிலாந்தில் ஒரு சிற்றூருக்கு அனுப்பியது. அது நவம்பர். எல்லாரும் கோட்டில் சிவப்புக் காகிதப் பூ குத்தியிருந்தார்கள். பதினோராம் தேதி காலை பதினோரு மணிக்குத் தொழிற்சாலையில் லைன் முழுவதையும் நிறுத்தினார்கள். யுத்தத்தில் இறந்தவர்களை நினைத்து இரண்டு நிமிடம் ஒருவரும் அசையவில்லை. சர்ச் வாசலில் ஒரு கல் நிற்கிறது. இரண்டு யுத்தங்களிலும் இறந்த அந்த ஊர்க்காரர்களின் பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. என் சூப்பர்வைசர் ஜோன் அம்மையார், தன் பெரியப்பாவின் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். அவரை ஜோன் பார்த்ததே இல்லை.

வீடியோ காலில் அப்பாவுக்கு அந்தக் கல்லைக் காட்டினேன்.

"அதுல எங்கப்பன் பேரு கீதான்னு பாரும்மா."

"அது இந்த ஊர்க்காரங்க பேருப்பா."

"அவங்களுக்காகத்தானேம்மா போனாரு?"

அதை ஜோனிடம் சொன்னேன். பட்டாளத்தில் இறந்தவர்களின் பதிவேடு கம்ப்யூட்டரில் இருப்பதாக ஜோன் சொன்னார். ஒரு சாப்பாட்டு இடைவேளையில், கேன்டீனில் உட்கார்ந்து, தாத்தாவின் பெயரை நாம் இன்று ஆங்கிலத்தில் எழுதுகிற எழுத்துகளில் ஒரே ஒருமுறை தட்டிப் பார்த்தேன். வரவில்லை. அன்றே அப்பாவிடம், "எல்லாம் தேடிட்டேன்பா, இல்ல" என்றேன்.

"அப்ப ஊருல சொன்னது நெஜந்தான்" என்றார் அப்பா.

நான் திரும்பிவந்த பின் வந்த தை அமாவாசைக்கு அவர் குளத்துக்குப் போகவில்லை. தம்பி கூப்பிட்டான். "அவருக்கு அங்க பெத்த புள்ளைங்க இருப்பாங்க, அவங்க செய்வாங்க" என்று சொல்லிவிட்டார். அடுத்த வருடமும் போகவில்லை. எனக்கு ஷிப்ட், ஓவர்டைம் என்று நாள்கள் ஓடின. இன்னொரு முறை தேடிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் உங்கள வுட்டுட்டு எங்கியும் போகலல்லம்மா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தும் வேறு ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

காரியம் முடிந்த பின் ஜோனுக்கு எழுதினேன். அவர் துக்கம் சொல்லிவிட்டு, தாத்தாவின் பெயரை அந்தக் காலத்தில் எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று கேட்டார். எனக்குத் தோன்றியதை எழுதி அனுப்பினேன். நான்காம் நாள் பதில் வந்தது. பட்டாளத்துக் குமாஸ்தா அந்தப் பெயரை வேறு எழுத்துகளில் எழுதியிருக்கிறார். தாத்தாவுடைய தகப்பன் பெயர், ஆயாவின் பெயர், மண்ணூர், செங்கல்பட்டு ஜில்லா, எல்லாம் இருந்தன. ரங்கூன் அருகே, உடல் கிடைக்காதவர்களுக்காக எழுப்பிய தூண் ஒன்றில் தாத்தாவின் பெயர் இருக்கிறது. அப்பா தவழத் தொடங்கும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

பார்த்தே இராத ஒருவருக்காக நான்கு நாள் தேடினார் ஜோன். என் அப்பாவுக்காக நான் பத்து நிமிடம் தேடினேன்.

ஆஸ்பத்திரியில் முறைவைத்து எங்களோடு இருந்த சேரப்பணஞ்சேரி அத்தை, மாமா குடும்பத்துக்கும், ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த மண்ணூர்ப் பிள்ளைகளுக்கும், ஜோன் அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்தத் தை அமாவாசைக்குத் தம்பி இரண்டு பெயரையும் சொல்லித் தண்ணீர் விட்டான்.

'பர்மாக்காரன் புள்ள' என்று சொன்ன வீடுகளுக்கும் இந்த மலர் வரும். தாத்தா யாரையும் விட்டு ஓடவில்லை. இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வருடம் இருந்தது. உங்களிடம்தான் சொல்ல முடிந்தது.