ஒரே கல்லில் இரண்டு உல்ரிக்

லவினா பாசர்ட் முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை ஓட்டியவள். எந்தப் பிள்ளை வாலாட்டினாலும் கண்ணாடி வழியே ஒரு முறை முறைப்பாள், அத்தோடு அடங்கிவிடும். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் கல்லறைக் கற்களைப் படிப்பது.

அது பிடித்தது ஆறு வயதில். அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றிருந்தாள். தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல்லில் தன் பெயரே இருந்தது.

“நான் எப்பம்மா செத்தேன்?” என்று கேட்டாள்.

“உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. அவ பேரத்தான் உனக்கு வச்சோம். வா, சூப் ஆறுது.”

அம்மா சாகும்வரை அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. லவினாவும் அந்தக் கல் பக்கம் மறுபடி போகவில்லை. மற்ற எல்லாக் கல்லையும் படித்தாள். படித்ததையெல்லாம் தடித்த நோட்டு ஒன்றில் எழுதி, பாசர்ட் குடும்ப வரலாறு என்று பெயரும் வைத்தாள்.

பென்சில்வேனியாவில் எங்கள் பக்கம் பாசர்ட்கள் ஏராளம். கல்லை விட்டெறிந்தால் ஒரு பாசர்ட் தலையில்தான் விழும். அத்தனை பேருக்கும் மூலவர் உல்ரிக். சூரிச் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து 1733இல் வந்தவர். வழியிலேயே அப்பாவும் அம்மாவும் கப்பல் ஜுரத்தில் போய்விட்டார்கள். பிலடெல்பியாவில் தனியாக இறங்கினார். கப்பல் கட்டணத்துக்கு ஈடாக, இருபத்தொரு வயது ஆகும்வரை ஒரு மாவு மில்காரரிடம் ஊழியம் செய்யக் கப்பல்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பத்தொன்பது வயது என்பதால் இரண்டே வருஷத்தில் விடுதலை.

வயதுக்குச் சாட்சி அவர் கொண்டுவந்த ஞானஸ்நானத் தாள். அங்கெல்லாம் குழந்தையின் ஞானத்தாய் ஒரு காசை வாழ்த்துத் தாளில் மடித்துக் கொடுப்பாள். காசு எந்தக் காலத்திலோ போய்விட்டது. தாள் மட்டும் லவினா வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. ஓரமெல்லாம் சிவப்புப் பூ, நடுவில் உல்ரிக், 1714.

1983இல், அவர் வந்து இருநூற்றைம்பது வருஷம் ஆனதற்குக் குடும்பக் கூட்டம் ஏற்பாடாயிற்று. முந்நூறு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மூலவருக்கு ஒரு கருங்கல் நாட்டுவதாக முடிவு. எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவன் லவினாவின் சித்தப்பா மகன் கிளேட்டன். கல்லில் வெட்ட வேண்டிய விவரத்தைக் கொடுத்தவள் லவினா. கூட்டத்தில் காட்ட அழகாக இருக்குமே என்று சூரிச் ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு கடிதம் போட்டு, பதிவேட்டின் நகல் கேட்டிருந்தாள்.

கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பதில் வந்தது. உல்ரிக், 1714 மார்ச்சில் ஞானஸ்நானம். 1716 அக்டோபரில் அடக்கம்.

லவினா விரலை வைத்து மறுபடி படித்தாள். ரெண்டு வயதில் செத்துப்போன குழந்தை கப்பல் ஏறுமா? “அப்ப நாமெல்லாம் யாரு?” என்று காலி அடுக்களையில் சத்தமாகவே கேட்டாள். முந்நூறு பேர் முன்னால் மானம் போகப்போகிறது, அதுவும் தன்னால்.

காகிதத்தைத் திருப்பினாள். காப்பகத்தில் இருந்தவள் பொறுப்பான பெண் போலிருக்கிறது. கேட்காமலேயே அந்தப் பெற்றோரின் மற்றப் பிள்ளைகள் பெயரையும் பின்பக்கம் எழுதியிருந்தாள். கடைசி வரி: உல்ரிக், 1718.

லவினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “கழுத! ஊருல வேற யாருக்குத் தெரியலன்னாலும் உனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?” என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு விரல் விட்டு எண்ணினாள். அப்படியானால் இறங்கும்போது அவருக்குப் பதினைந்து. பதினைந்து என்றால் ஆறு வருஷ ஊழியம். அம்மா பெட்டியில் வைத்திருந்த அண்ணன் தாளை எடுத்து நீட்டியிருக்கிறார். அதே பேர், அதே அப்பா அம்மா. யார் கண்டுபிடிப்பார்கள்? “அட திருட்டுப் பயலே!” என்று வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்த வாயோடு கல் ஞாபகம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

கல் வெட்டும் ஆமோஸின் பட்டறையில் கிளேட்டனும் நின்றிருந்தான். ‘உல்ரிக் பாசர்ட், பிறப்பு 1714’ என்பது வரை வெட்டியாகிவிட்டது.

“நிறுத்துங்க ஆமோஸ்!”

கிளேட்டன் காகிதத்தைப் படித்தான். முகம் தொங்கிப்போயிற்று.

“அக்கா, கூட்டத்துக்குக் குடுக்கற சட்டை, தட்டு எல்லாத்துலயும் 1714ன்னு அடிச்சாச்சு. யாருக்குத் தெரியப்போகுது? விட்டுடேன்.”

“பொய்யக் கருங்கல்லுல வெட்டச் சொல்றியாடா?”

“பொய் சொன்னவரு நம்ம மூலவருதானே? அவரே கடைசி வரைக்கும் சாதிச்சுட்டுப் போயிட்டாரு. நீ ஏன் இப்பக் காட்டிக்கொடுக்கற?”

“வெட்டினத அழிக்க முடியாதும்மா. வேற கல்லுன்னா ஆறு வாரம் ஆகும்” என்றார் ஆமோஸ்.

லவினா அந்த 1714ஐ விரலால் தடவிப் பார்த்தாள்.

“அழிக்க வேணாம். அதுக்குக் கீழ இறப்பு 1716ன்னு வெட்டுங்க. அதுக்கும் கீழ மறுபடியும் உல்ரிக் பாசர்ட். பிறப்பு 1718, இறப்பு 1781.”

“அந்தக் குழந்தை கடலையே பாத்திருக்காதேக்கா! இங்க வராதவன் பேரு நம்ம கல்லுல எதுக்கு?”

“யாருடா சொன்னது வரலன்னு? அவன் வயசச் சொல்லித்தானேடா இவன் கப்பல விட்டு எறங்கினான்? பேரையும் அவன் குடுத்தான், நாலு வருஷத்தையும் மிச்சம் பண்ணிக் குடுத்தான். அவனுக்கு ஒரு வரி கிடையாதா?”

கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். லவினா கண்கலங்கி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. கிளேட்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“வெட்டுங்க ஆமோஸ்” என்றான்.

கூட்டம் அமர்க்களமாக நடந்தது. ஒரே பெயர் ஏன் இரண்டு தடவை என்று கேட்காதவர் இல்லை. அத்தனை பேருக்கும் லவினா சலிக்காமல் சொன்னாள். எல்லோரும் சாப்பாட்டு மேசைக்குப் போனபிறகு, ஐம்பத்தெட்டு வருஷமாகப் போகாத அந்தச் சின்னக் கல்லிடம் போனாள். பாசியைச் சுரண்டி வருஷத்தைப் படித்தாள். 1916, 1917.

கைப்பையிலிருந்து குடும்ப நோட்டை எடுத்தாள். அதில் அப்பாவின் மூன்றாவது குழந்தை என்று தன்னைத்தான் எழுதியிருந்தாள். மூன்றை அடித்து நான்காக்கினாள். மேலே இருந்த இடுக்கில் அதே பெயரை இன்னொரு தடவை எழுதினாள்.

“மன்னிச்சுக்கோக்கா” என்றாள், ஒரு வயதுக் குழந்தையிடம், அறுபத்து நாலு வயது லவினா.