ஐஸுக்குள் கிடந்த பெண்

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரை, பொன்னேரியிலிருந்து கவரைப்பேட்டை வரை கொலைகாரர் என்றே நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? சித்திரை வெயிலில் மடியில் கம்பளி ஸ்வெட்டர். மனைவிக்குப் போன் போட்டு, "பொணத்த இன்னும் ஐஸ்லேர்ந்து எடுக்கல. பக்கத்து ஊட்டுல ஒளறி வைக்காத" என்கிறார்.

டிபன் டப்பாவைக் கேடயமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். எழுந்து ஓடக் கூட்டத்தில் வழியில்லை. ஆகவே வீரனாகிவிட முடிவு செய்தேன்.

"யாரு சார் செத்தது?"

அவர் ஸ்வெட்டருக்கு அடியிலிருந்து தடித்த நாவல் ஒன்றை எடுத்தார். அட்டை முழுக்கப் பனி. ஐரோப்பாவின் வடகோடி தேசத்துக் கதை. மீனை உறைய வைக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை, ஸ்வெட்டர் அதற்கு. தினமும் ரயிலில் படித்து, படித்தவரை வீட்டுக்காரிக்குச் சொல்வாராம். அவர் முடிப்பதற்குள் அவள் பக்கத்து வீட்டில் கதையை அவிழ்த்துவிடுகிறாளாம்.

"கொன்னது யாரு?"

"புருஷன்தான். கத எழுதுனவன் மொதல்லயே சொல்லிட்டான்."

"அப்பால இன்னாத்துக்கு சார் மீதி முந்நூறு பக்கம்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "விசாரிக்கிற இன்ஸ்பெக்டரு தனியா சூப்பு வச்சிக் குடிச்சிக்கினு கீறாரு. வெளிய ஒரே இருட்டு, பனி. மகளோட பேச்சு இல்ல. அவளுக்கு ஒரு போன் போடறாரான்னு பாக்க வாணாமா? என் ஊட்டுக்காரிக்கு அதான் கவல."

அன்றைக்கு எனக்கும் வேலை ஓடவில்லை. மறுநாள் அதே பெட்டியைத் தேடி ஏறி, "போட்டாரா சார்?" என்றேன்.

போட்டார். மகள் எடுக்கவில்லை.