கந்தகத்தின் மூக்கு

ஆலையில் அவருக்கு வைத்த பேர் கந்தகம். கியர் ஆயிலில் சேர்க்கிற கந்தக ரசாயனம் காய்ச்சும் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர் வேறென்ன மணப்பார், மல்லிகையா? அழுகிய முட்டை வாடை சட்டையில் ஏறி, தோலில் ஊறி, வீடு வரைக்கும் கூடவே வரும். மனைவியும் மனுஷிதானே, எத்தனை நாள் பொறுப்பாள்? ஒருநாள் அவர் பாயைத் தூக்கி முன்னறையில் போட்டுவிட்டாள். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

கையைக் காலைப் பிடித்து, போன மாதம்தான் பேஸ் ஆயில் பக்கம் மாற்றல் வாங்கினார். எந்த மசகு எண்ணெய்க்கும் அதுதான் அஸ்திவாரம். மற்றதெல்லாம் அதில் கலக்கிற சரக்கு. தண்ணீர் போலத் தெளிவு, வாடையே கிடையாது. அந்த வாரமே பாய் உள்ளே போனது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனிதர் புதுமாப்பிள்ளை போல விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஆனால் அங்கே ஒரு கண்டம் இருந்தது. டேங்கர் லாரி வந்ததும் ஒரு பாட்டிலில் எண்ணெய் பிடித்து மோந்து பார்க்க வேண்டும், வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்று. சோதனைக்கூடத்து மெஷின் பழுதாகிக் கிடந்ததால் மூக்கு ஒன்றுதான் சாட்சி. இவர் மூக்கோ அந்தக் கூடத்திலேயே செத்துப்போய்விட்டது. சொன்னால் திரும்ப அங்கேதான் துரத்துவார்கள். அதனால் பாட்டிலை மோந்து, பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டி, "சரி, இறக்குப்பா" என்பார்.

ஒருநாள் சாயங்காலம் அவர் கழற்றிப் போட்ட சட்டையை மனைவி எடுத்தாள்.

"என்னங்க, ஒரே டீசல் நாத்தம்! லாரிக்கு அடியிலயா படுத்திருந்தீங்க?"

சட்டையில் சிந்தியது மத்தியானம் இறக்கிய பேஸ் ஆயில்தான். விடிந்தால் அதைக் கலக்கப் போகிறார்கள். வாயை மூடிக்கொண்டால் இவரை யாரும் கேட்கப் போவதில்லை. எவன் வண்டியோ நடுவழியில் நாசமாகும், அவ்வளவுதான். சே, என்ன பிழைப்பு! அலுத்துப்போய் போனை எடுத்தார்.

"சார், அந்த டேங்கைத் தொடாதீங்க. டீசல் கலந்திருக்கு."

"நீங்கதானே மோந்து பாத்தீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"பாத்தேன் சார். எனக்கு வாசனையே தெரியாது. ரொம்ப காலமாவே."

சூப்பர்வைசர் திட்டித் தீர்த்தார். கடைசியில், "நாளையிலேர்ந்து பழைய கூடத்துக்கே போயிடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கு நடந்தார். மனைவி குறுக்கே வந்து பாயைப் பிடுங்கினாள்.

"நாளைக்குத்தானே நாறப் போறீங்க? இன்னிக்கு வெறும் டீசல்தானே. உள்ள வாங்க."